காரை நான் இன்னும் மன்னிக்கவில்லை

கரக்,
ஜனவரி 9

என் மூத்த மகன் நவாஃபுக்கு உம்மா வள்ஹா சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் மருமகளும் பிள்ளைகளும் அந்தப் பனி ஊரில் சுகமாக இருக்க ஐந்து வேளையும் கை ஏந்திக்கொண்டுதான் இருக்கிறேன். என் முட்டுவலி அப்படியே இருக்கிறது, அதைச் சொல்ல இந்தக் கடிதம் இல்லை. போனில் பேசாமல் எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனை எடுத்தால் பக்கத்தில் உன் பெரியப்பா அபூ ஆதிஃபோ அவர் மனைவியோ வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள், நீயும் "சரி உம்மா, சரி உம்மா" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு பஸ் ஓட்டப் போய்விடுகிறாய். பக்கத்து வீட்டு டாக்டர் லீவு முடிந்து உங்கள் ஊருக்கே திரும்புகிறார், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், ஆனால் ஒரு வரியையும் தாண்டிப் படிக்காதே.

கார் கிடைத்துவிட்டது என்று உனக்குச் சொன்னார்கள், எப்படிக் கிடைத்தது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ரொட்டிக்கடை வாசலில் உன் தங்கச்சி கவ்லா இறங்கி இரண்டு கிலோ ரொட்டி வாங்கித் திரும்புவதற்குள் ஓட்டிக்கொண்டு போனார்கள் அல்லவா, எட்டாம் நாள் போலீஸிலிருந்து கூப்பிட்டார்கள், நானும் அவளும் போனோம். ஓடைக்குள் மூக்கு குத்தி நிற்கிறது. சக்கரம் நாலும் இல்லை, ஒரு கதவு இல்லை, சீட்டைக் கத்தியால் கிழித்துப் பார்த்திருக்கிறார்கள், உள்ளே என்ன புதையலா வைத்துத் தைத்திருந்தோம். எண்ணெய் இல்லாமலே ஓட்டி இன்ஜினையும் கொன்றுவிட்டார்கள். மெக்கானிக் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, மூடியைச் சாத்திவிட்டுக் கையைத் துடைத்தார். எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து முந்நூறு தினார் ஆகுமாம். கட்டாயத்துக்குக் கட்டும் இன்சூரன்ஸ் எதிரே வருகிறவனை இடித்தால்தான் கொடுக்கும், திருட்டுக்கு ஒன்றும் கிடையாது. கவ்லா அழவில்லை. பின்சீட்டுக்குக் கீழே கையை விட்டுத் துழாவி மகள் ரிதாலின் பென்சில் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தாள்.

அந்தக் கார் அவளுக்கு என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். புருஷன் போன பிறகு யார் வீட்டு வாசலிலும் நிற்காமல் இந்த நாலு வருஷமாக விடியற்காலை நாலு டீச்சர்களை ஏற்றிக்கொண்டு மலை இறங்கி கோர் பள்ளத்தாக்குப் பள்ளிக்கூடத்தில் விட்டு மத்தியானம் திருப்பிக் கொண்டு வருகிறாள். முதல் பணம் நீ அனுப்பினாய், அதனால் கார் உன் பேரில் இருக்கிறது. மீதி அத்தனை மாதத் தவணையும் அவள் கட்டியது. டீச்சர்கள் நல்லவர்கள், இரண்டாம் பருவம் திறக்கும் வரைக்கும் காத்திருக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் கார் ஓடவில்லை என்றால் மினிபஸ் வைத்திருக்கிறவன் அவர்களைச் சேர்த்துக்கொள்வான். பிறகு கவ்லா பெரியப்பா வீட்டு மாடியில் போய் இருந்துகொண்டு பெரியம்மாவின் சமையலறையில் காலம் தள்ள வேண்டியதுதான். பெரியம்மா இப்போதே மாடியைக் கூட்டிப் பெருக்கி வைத்திருக்கிறாள்.

திருடியவன் யார் என்று போலீஸ் பிடித்துவிட்டார்கள், மலைக்கு அந்தப்பக்கத்துக் குடும்பத்துப் பையன், ஹாயில் என்று பேர், பத்தொன்பது வயசு. அவன் வாப்பா அபூ ஹாயில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர், மானம் உள்ள மனுஷர். ஊர்ப் பெரியவர்களைத் திரட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்க ஜாஹாவாக வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார். அன்றைக்கே நான் உன் பெரியப்பாவிடம் போய், பையனை மன்னித்துவிடுங்கள், எனக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், ஒரு பிள்ளை ஜெயிலில் கிடப்பதைப் பார்த்து நான் தூங்க மாட்டேன், ஆனால் காரைச் சரிபண்ணிக் கொடுக்கச் சொல்லுங்கள் என்று தெளிவாகச் சொன்னேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாதா உம்மு நவாஃப், நீங்க காப்பிக்கு ஏலக்காய் இருக்கான்னு பாருங்க" என்றார். ஏலக்காய் இருந்தது, புத்திதான் இல்லை.

முப்பது பேர் வந்தார்கள். வாசலில் கூடாரம் போட்டிருந்தோம், நான் சமையலறை ஜன்னலில் நின்றேன். வந்தவர்களுக்குத் தலைவராக வந்த ஷேக் முன்னால் கோப்பையை வைத்தார்கள். அவர் தொடவில்லை, வந்த காரியம் கிடைக்காமல் குடிக்க மாட்டோம் என்று வழக்கப்படி சொன்னார். உன் பெரியப்பா எழுந்தார். முப்பது பேருடைய தலைப்பாகையையும் ஒரு தரம் பார்த்தார், அவ்வளவுதான், மனுஷருக்குத் தரை தெரியவில்லை. "உங்க காலடி எங்க வாசல்ல பட்டதே எங்களுக்கு நஷ்டஈடு. பையனும் மன்னிப்பு, காரும் மன்னிப்பு. இதைத் தம்பி மகன் நவாஃப் சார்பாவும் சொல்றேன், அவன் வாயும் என் வாயும் ஒண்ணுன்னு போன்ல சொல்லிட்டான். குடிங்க உங்க காப்பிய" என்று முடித்துவிட்டார். எல்லோரும் அவர் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள், இப்படி ஒரு பெருந்தன்மையைப் பார்த்ததில்லை என்கிறார்கள். யாருடைய காரை யார் தானம் பண்ணுகிறது. கவ்லா என் பக்கத்தில்தான் நின்றாள், வெந்நீரைப் பாத்திரத்தில் ஊற்றினாள். மறுநாள் விஷயம் தெரிந்து ஒரு டீச்சர் போன் பண்ணி, "கவ்லா, இனிமே உன் பெரியப்பா முதுகுலதான் நாங்க நாலு பேரும் ஏறிப் போகணும், முன்சீட்டு எனக்குன்னு சொல்லி வை" என்றாளாம். அப்போதுதான் உன் தங்கச்சி முதல் தடவையாகச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள்.

நீ ஏன் மகனே அப்படி ஒரு வார்த்தையை போனில் கொடுத்தாய். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பாய், பெரியவரை மதித்துச் சொன்னாய், எனக்குத் தெரியும். உன் வாப்பா இருந்திருந்தால் வார்த்தை கொடுப்பதற்கு முன்னால் இதில் யார் வயிறு காயும் என்று கேட்டிருப்பார்.

இப்போது நான் சொல்லப்போவது பெரியப்பாவுக்குத் தெரியாது. அன்றைக்குத் தட்டு உள்ளே திரும்பி வந்தபோது ஒரு கோப்பை மட்டும் நிரம்பியபடியே ஆறிக் கிடந்தது. யாருடையது என்று பரிமாறப் போன பெரியப்பா மகன் ஆதிஃபைக் கேட்டேன், ஹாயிலின் வாப்பாவுடையது, வாங்கினார், உதட்டில் வைக்காமலே கீழே வைத்தார் என்றான். பெரியப்பா குடிக்கச் சொல்லியும் குடிக்காமல் போன ஒரே ஆள் அவர்தான். இந்த மனுஷருக்குத் தன் கடன் என்ன என்று தெரிந்திருக்கிறது என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை கழித்து நானும் கவ்லாவும் டாக்ஸி பிடித்து அவர்கள் வீட்டுக்கே போனோம். ஹாயிலின் உம்மா தமாம் கதவைத் திறந்தாள், என்னைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது, சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்தாள் போல. உட்கார வைத்தாள், காப்பி கொண்டுவந்து முன்னால் வைத்தாள். நான் தொடவில்லை. "தமாம், ஆம்பளைங்க முப்பது பேர் வந்தா எங்க வீட்டு ஆம்பளைங்க எழுந்து நின்னாங்க. நாங்க ரெண்டு பொம்பளைங்க வந்திருக்கோம். கேட்டது கிடைக்காம குடிக்க மாட்டேன்" என்றேன். "பொம்பளைங்க ஜாஹா வந்து நான் பார்த்ததில்ல" என்றாள். "நானும்தான் பார்த்ததில்ல, முட்டி வலிக்குது, சீக்கிரம் முடிவு சொல்லு" என்றேன். அந்தத் துக்கத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முக்காட்டு நுனியால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்ப் புருஷனை அழைத்து வந்தாள்.

அபூ ஹாயில் வாசல்படியிலேயே நின்று தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். பட்டாளத்துக்காரர், பேச்சு நீளமில்லை. "சகோதரி, என் மகன் கெடுத்தத நான் சரிபண்ணித் தரணும், அது எனக்குத் தெரியும். ஆடு இருக்கு, விப்பேன். ஆனா அபூ ஆதிஃப் முப்பது பேர் முன்னால மன்னிச்சிட்டார். இப்ப நான் பணத்த நீட்டினா அவர் வார்த்தைய நான் மிதிச்ச மாதிரி, நாளைக்கு ரெண்டு குடும்பமும் மறுபடி முறைச்சுக்கும். கார் யார் பேர்ல இருக்கோ அந்த நவாஃப் சொல்லட்டும், பெரியப்பா மன்னிச்சது பையனை, கார் தங்கச்சியோடதுன்னு. ஷேக்கிட்ட அந்த ஒரு வார்த்தை வந்தா போதும். அதுவரைக்கும் எனக்கும் அந்தக் காப்பி தொண்டையில இறங்காது" என்றார். கவ்லாதான் அப்போது வாய் திறந்தாள். "மாமா, எனக்குப் புதுக் கார் வேணாம், ஓடினா போதும்" என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டு வெளியே போய்விட்டார், கண்ணைத் துடைத்தாரா மீசையைத் துடைத்தாரா தெரியவில்லை.

ஆகவே மகனே, பந்து உன் காலில் இருக்கிறது. பெரியப்பா கோர்ட்டுக்கு என்று ஒரு தாளை உனக்கு அனுப்பப்போகிறார், தூதரகத்தில் போய்க் கையெழுத்துப் போடச் சொல்லுவார். அதை ரிதால் எனக்கு வரிவரியாகப் படித்துக் காட்டினாள், ஆறாம் வகுப்புதான், வக்கீல் மாதிரி படிக்கிறாள், இந்தத் தடவையும் வகுப்பில் முதல், உன் பிள்ளைகளுக்குச் சொல். அதில் இரண்டு விஷயத்தையும் ஒன்றாகப் போட்டுக் கட்டியிருக்கிறார்கள், பையன் மேல் வழக்கு வேண்டாம், காருக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை என்று. முதலாவதற்கு மனசாரக் கையெழுத்துப் போடு, அந்தப் பிள்ளை வீட்டுக்கு வரட்டும், தமாமும் என்னைப்போல் ஒரு தாய்தான். இரண்டாவதை அடித்துவிட்டுத்தான் போட வேண்டும். பெரியப்பாவோடு சண்டை போடாதே. முதலில் ஷேக்குக்கு மரியாதையாக ஒரு போன், பிறகு பெரியப்பாவுக்கு இன்னும் மரியாதையாக ஒரு போன். உங்கள் பெருந்தன்மையால் ஒரு பையன் பிழைத்தான், கார் என்னுடையதே இல்லை, தங்கச்சியுடையது, என்னிடம் இல்லாததை நான் உங்களுக்குத் தந்திருக்க முடியாது என்று சொல். தப்பை உன் தலையில் போட்டுக்கொள், அவர் தலை நிமிர்ந்தே இருக்கட்டும். அவர் கோபித்தால் என்னிடம் வரட்டும், அவர் கோபத்துக்கு நாற்பது வருஷமாகக் காப்பி போட்டுக் கொடுத்தவள் நான்.

டாக்டர் கையில் ஜமீத் தயிர்க்கட்டி மூன்று, ஸஅதர் பொடி ஒரு பை, மருமகளுக்கு ஒரு சால்வை அனுப்பியிருக்கிறேன். ஜமீதை அந்தச் சூடு தரும் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்காதே, போன தடவை கெட்டுப்போனது. சின்னவனுக்கு மூக்கு ஒழுகினால் கம்பளித் தொப்பியைக் கழற்ற விடாதே. கார் ஓட ஆரம்பித்தால் கவ்லாவே உனக்கு போன் பண்ணுவாள், அதுவரைக்கும் அவளிடம் நீயாக எதுவும் கேட்காதே, வருத்தமெல்லாம் உள்ளேயே வைத்திருக்கிறாள். பருவம் திறக்க மூன்று வாரம்தான், மறந்துவிடாதே. அன்றைக்கு நான் குடிக்காமல் வைத்துவிட்டு வந்த கோப்பையைத் தமாம் கழுவவில்லையாம், தட்டோடு அலமாரியில் வைத்து மூடியிருக்கிறாளாம், நேற்று சொல்லி அனுப்பினாள். நீ பேசினாய் என்று தெரிந்த அன்றைக்கே மறுபடி டாக்ஸி பிடித்துப் போய் அவள் கையால் புதுக் காப்பி வாங்கிக் குடிப்பேன்.

அல்லாஹ் உன் கையில் பரக்கத் செய்வான், உன் நாக்கில் நல்ல வார்த்தையை வைப்பான். உன் பிள்ளைகளின் கன்னத்தில் என் முத்தம்.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்
உம்மா,
வள்ஹா