கண்மாய்க் கரையில் ஐந்து நிமிடம்

மேகம் கறுத்துவிட்டால் எனக்கு இப்போதெல்லாம் வேலையே ஓடுவதில்லை. இன்று மதியமே இருட்டிக்கொண்டு வந்தது. பீரோவைத் திறந்து உன் படத்தை எடுத்தேன். சாம்பல் நிறத் தாளிலிருந்து பேஸ்டல் வண்ணக்கட்டியின் ஊதாப் பொடி என் மடியில் உதிர்ந்தது. நீ கடைசியாக வரைந்தது இதுதான். இது என்னிடம் இருப்பது யாருக்கும் தெரியாது.

போன வருஷம் அந்த ஞாயிற்றுக்கிழமை, கொத்தமங்கலம் கண்மாய்க் கரையில் உட்கார்ந்திருந்தோம். நான் வழக்கம்போல் தாள் முழுக்க நிறத்தை அப்பிக்கொண்டிருந்தேன். நீ வானத்துக்கு ஊதாவில் நாலு தீற்றல், பக்கத்தில் ஆரஞ்சில் இரண்டு, அவ்வளவுதான். தண்ணீருக்கு ஒன்றுமே தீட்டவில்லை. வெறும் தாளே தண்ணீராகக் கிடந்தது. "தாளை முழுசா மூடாதடி, கொஞ்சம் மூச்சு விடட்டும்" என்று சீண்டினாய். எனக்குப் பொறாமையாக இருந்தது.

காற்று சட்டென்று நின்றது. கண்மாயில் ஒரு கொக்குகூட இல்லை. ஆடுகளை ஓட்டிக்கொண்டு போன பெரியவர், "மேக்க இடி இறங்குது தாயி. இங்குட்டு இருக்காதீக" என்றார். நீ உடனே உன் படத்தை என் பைக்குள் வைத்துவிட்டு, "போவமாடி?" என்றாய்.

"அஞ்சு நிமிஷம். இந்த வெளிச்சம் இனிமே கிடைக்காது" என்றேன் நான்.

முதல் துளி விழுந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரோட்டுக்கு வந்த பிறகுதான், "ஐயோ, என் படம்!" என்று கத்தினேன். பேஸ்டலில் ஒரு சொட்டு பட்டாலும் போச்சு என்பது நம் இருவருக்கும் தெரியும். நீ திரும்பி ஓடினாய். அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நனையாமல் இருக்கட்டும் என்று அந்த ஒற்றைப் பனையடியில் ஒதுங்கினாய். "வந்துரு!" என்று நான் கத்தியது உனக்குக் கேட்டிருக்காது. அதற்குள் இடி அந்தப் பனையில் இறங்கிவிட்டது.

உன் கையிலிருந்து எடுத்த அந்தப் படத்துக்குத்தான் உன் வீட்டுக்காரர் சட்டம் போட்டு, மாலை சார்த்தியிருக்கிறார். அது நீ வரைந்ததென்றே நினைக்கிறார்.

போன வாரம் உன் வருஷத் திதிக்குப் போனேன். எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிடத்தான் போனேன். வந்தவர்களிடமெல்லாம் அவர், "படம்னா உசுரு அவளுக்கு. இடியில உக்காந்து வரைஞ்சிருக்கா பாருங்க" என்று அழுதுகொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க கூடத்தானம்மா இருந்தீக. நீங்களாச்சும் கெளம்புன்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேண்ணே" என்றேன். "அவதான் கேக்கல."