கேட்டதற்கு மட்டும் சொன்ன பதில்

என் அருமைத் தனம்,

உன் மகன் வந்திருந்தான். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் வந்து இறங்கி, வழி விசாரித்துக்கொண்டு என் வாசலில் நின்றான். நெற்றி அப்படியே உன் நெற்றி.

"நிலப் பத்திரம் எடுக்கும்போது கூடவே ஒரு தீர்ப்பு நகல் இருந்துச்சு. சாட்சியில உங்க பேரு இருக்குது" என்றான். "எங்கம்மா மதம் மாறிப் போயி, என்னை வேணாம்னுட்டாங்கன்னுதான் வூட்ல சொல்லுவாங்க. நெசமாங்க? அவங்க இருக்காங்களா?"

நீ போய் ஆறு வருடம் ஆனதைச் சொன்னேன். பிறகு மற்றதையும் சொன்னேன்.

இரண்டு வயதில் அவனுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டு மூச்சு திணறியது. கன்னியாஸ்திரீகளின் மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாய். பிழைத்தால் ஞானஸ்நானம் வாங்கிக்கொள்கிறேன் என்று வேண்டிக்கொண்டாய், மற்றவர்கள் மொட்டை போடுவதாக வேண்டிக்கொள்வதைப் போல. பிழைத்தான். வேண்டுதலைத் தீர்த்தாய். உன் பக்கத்தில் மெழுகுவர்த்தி பிடித்து நின்றவள் நான்தான். அடுத்து வந்த மாசி மகத்துக்கு நீ என்னோடு மணிமுத்தாற்றில் முழுகி, பழமலைநாதரையும் கும்பிட்டு வந்தாய். உனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. எனக்கும்தான்.

உன் புருஷனுக்குத் தெரிந்தது. பிள்ளையில்லாத அண்ணனுக்குத் தத்துக் கொடுக்க அவருக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. பீங்கான் பட்டறையில் நீ கோப்பைகளுக்குக் கைப்பிடி ஒட்டிக்கொண்டிருந்த பகல் நேரத்தில், ஸ்ரீமுஷ்ணத்தில் ஹோமம் வளர்த்துப் பிள்ளையைக் கொடுத்துவிட்டார். களிமண் காயாத கையோடு ஓடி வந்தாய். "ஒரு வார்த்தை கேக்கலக்கா. என்னை ஒரு வார்த்தை கேக்கல."

தாயின் சம்மதம் இல்லாத தத்துச் செல்லாது என்றார் நம் வக்கீல். நீ சம்மதிக்கவில்லை என்று சொல்லத்தான் நான் கூண்டில் ஏறினேன். சொன்னேன். அப்புறம் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். அவர் ஆங்கிலத்தில் கேட்டார். நானும் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். கோர்ட்டே திரும்பிப் பார்த்தது. அது எனக்குப் பிடித்திருந்தது, தனம். உன்னிடம் மறைத்து என்ன பயன்?

ஞானஸ்நானம் நடந்ததா என்றார். நடந்தது என்றேன். கண்ணால் பார்த்தீர்களா? பார்த்தேன். யாரும் கேட்காமலே கிழமையைக்கூடச் சொன்னேன். மாசி மகத்தைச் சொல்ல வாயெடுத்தபோது அவர் தமிழுக்கு மாறினார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னா போதும்மா." கான்வென்டில் பத்து வருடம் நான் கற்ற ஒழுங்கே அதுதான். நிறுத்திக்கொண்டேன்.

தாய் இந்துவாக இல்லாமல் போனதால் அவள் சம்மதம் தேவையில்லை, தத்துச் செல்லும் என்று தீர்ப்பானது. எந்த வேண்டுதல் பிள்ளையை உன்னிடம் திருப்பித் தந்ததோ, அதையே காட்டிப் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டார்கள். சட்டம் படித்த ஒருவருக்குமா அது உறுத்தவில்லை? பெற்றவள் மாட்டேன் என்று சொன்னால், எந்தச் சாமியைக் கும்பிட்டால்தான் அது செல்லும்?

திரும்பி வரும் பஸ்ஸில் நீ என்னைத் திட்டவே இல்லை. "அக்காவுக்குப் பொய் சொல்ல வராது" என்றாய், ஜன்னலைப் பார்த்தபடி. திட்டியிருக்கலாமே.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உன் மகன் ஒன்றே ஒன்று கேட்டான்: "மாசி மகத்தை அன்னிக்கே ஏங்க சொல்லல?"

யாரும் கேட்கவில்லை என்பதுதான் என் பதில். பதினெட்டு வருடம் அதை வைத்துத்தான் தலை நிமிர்ந்து நடந்தேன். அவன் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லாமல், காபி கலக்க எழுந்து போனேன்.

தை மாதம் அவனுக்குக் கல்யாணம். பத்திரிகையில் உன் பெயர் இல்லை. "வாங்க" என்று வாயால் சொல்லிவிட்டு, கொடுத்த காபியைத் தொடாமல் போய்விட்டான்.

நான் போவேன், தனம். தாலியறுத்தவள் என்று கடைசி வரிசையைக் காட்டினாலும் போவேன். வாசலில் சந்தனம் வைத்திருப்பவர்கள், "பொண்ணு வூடா, மாப்பிள்ளை வூடா?" என்று கேட்பார்கள். மாப்பிள்ளையைப் பெத்தவ வூடு என்பேன். கேட்டது அவ்வளவுதான் என்று இந்த முறை நிறுத்த மாட்டேன்.

உன் கூடப்பிறக்காத அக்கா,
ராஜேஸ்வரி