நோட்டீஸில் இல்லாத பெயர்

தென்காசி
4-6-1966

அன்புள்ள ஏசுதாசா,

இங்கு நலம். நீ நலமா என்று கேட்கத் தேவையில்லை; நோட்டீஸிலேயே தெரிகிறது. நேற்று, நம்மோடு டிரம் அடித்த அகமது கபீர் என் கடைக்கு வந்து அந்த மஞ்சள் நோட்டீஸை நீட்டினான். குற்றாலம் சீசன் விழாவில் 'தென்பாண்டி கிட்டார் குழு'. இசை ஏசுதாசன், குரல் ராயகிரி சிவனணைந்தபெருமாள். நம் ஊர்க் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் பாட்டை எழுதியவன் பெயரை மட்டும் காணோம்.

இடி விழுந்து பிளந்த கோபுரத்தடியில் கல்வெட்டைத் தடவித் தடவிப் படித்து நோட்டில் பாட்டாக எழுதியது நான். "ராஜா கதைக்கு ராக் மெட்டு போடுதேன், நீ பாடுலே" என்றவன் நீ. உனக்கு மதராஸில் வேலை கிடைத்தது; நான் ஜவுளிக்கடையில் நின்றுவிட்டேன். அதற்காகப் பாட்டும் உன்னோடு ரயில் ஏறிவிடுமா?

"ஏலே, பெருமாள் தொண்டை உன் தொண்டைய விட எடுப்பா இருக்குலே" என்கிறான், மதராஸில் அவன் பாடக் கேட்டு வந்த கபீர். எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன்,
ஆவுடையப்பன்


மதராஸ்
11-6-1966

அன்பு நண்பா,

உன் கடிதம் பார்த்தேன். பெயர் விட்டுப்போனது அச்சகத்தார் தவறு. மேடையில் நானே மைக்கில் சொல்லிவிடுகிறேன். தென்காசியை விட்டு வரமாட்டேன் என்று நீ சொன்னதால்தானே பெருமாளைச் சேர்த்தேன்?

இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் ஒருவர் அந்தப் பாட்டைக் கேட்பதற்காகவே வருகிறார். முன்வரிசையில் உனக்கு நாற்காலி போட்டிருக்கும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் வந்து சேர்.

என்றும் உன்,
ஏசுதாசன்


தென்காசி
30-6-1966

ஏசுதாசா,

ஞாயிற்றுக்கிழமை விழாவுக்கு ஐந்தருவிக்கு வந்திருந்தேன். நாற்காலிக்கு வரவில்லை. காலையிலேயே வந்து, சிப்ஸ் கடை ஓரமாக நின்று உங்கள் ஒத்திகையைக் கேட்டேன். பாட்டை எழுதும்போது என் காதில் ஒலித்த குரல் பெருமாளின் குரல்தான். என் தொண்டையில் அது ஒருநாளும் வந்ததில்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நேரே விழாத் தலைவரிடம் போனேன். "அண்ணாச்சி, கோயில் கட்டுன ராஜாவ கிட்டார் அடிச்சு கேலி பண்ணுதானுவ" என்றேன். மாலையில் அவர் மேடையேறி அந்தப் பாட்டு வேண்டாம் என்று தடுத்தாரே, அது என்னால்தான். நீ குனிந்த தலை நிமிரவில்லை. கம்பெனிக்காரர் பாதியில் எழுந்து கார் ஏறினார். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றேன். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை.

ஆவுடையப்பன்


மதராஸ்
9-7-1966

ஆவுடையப்பா,

இரண்டு நாள் உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். உன்னைத் திட்டி எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

அச்சகத்தார் தவறு என்று நான் எழுதியது பொய். உன் பெயரை அடித்து நீக்கியது என் பேனா. இங்கே எங்கு வாசித்தாலும், "பாட்டு யார் எழுதினது?" என்றுதான் கேட்கிறார்கள். மெட்டு யாருடையது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

பெருமாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அந்த அண்ணாச்சிட்ட இன்னொரு பாட்டு கேளுங்க" என்றான். அவன் முகவரியை இதோடு வைத்திருக்கிறேன். நேராக அவனுக்கே அனுப்பு. உன் பெயரைச் சொல்லித்தான் பாடுவான், நல்லவன்.

அந்தப் புதுப் பாட்டுக்கு நான் வாசிக்க மாட்டேன். உன் சொல்லும் அவன் குரலும் சேருகிற இடத்தில் சிரித்த முகமாக நிற்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

ஏசுதாசன்