நண்டுக்குப் பதில் மனிதன்

2009 மார்ச், வியாழன் இரவு

வெள்ளாற்றுச் சேற்று நண்டின் மரபணு வரிசை இன்று சென்னையிலிருந்து மெயிலில் வந்தது. ஆறு மாத உழைப்பு. ஏ, டி, ஜி, சி என்று நீளும் அந்த எழுத்துகளை அப்படியே மரபணுக்களுக்கான இணையத் தேடலில் போட்டேன். எந்த உயிரினத்தோடு பொருந்துகிறது என்று அது காட்டும். முதல் வரியிலேயே மனிதன் என்று வந்தது. மறுபடியும் போட்டேன். மனிதன்தான்.

லேபில் அந்த நண்டைத் தொட்டது நானும் என்னோடு ஆய்வு செய்யும் கலாவும் மட்டும். எங்களில் யாருடைய டிஎன்ஏவோ அதில் கலந்துவிட்டது.

“யாரு கிளவுஸ் போடல?” என்று எங்கள் கைடு மேடம் கேட்டார்.

நான் போட்டிருந்தேன். கழுவிக் காயவைத்துத் திரும்பவும் போட்ட கிளவுஸ். நண்டின் கால் பட்டுக் கிழிந்து ஆள்காட்டி விரல் வெளியே தெரிந்தது. புதிது கேட்டால் திட்டுவார் என்று அப்படியே வேலையை முடித்தேன். இதைச் சொல்வதற்குள் கலா முந்திக்கொண்டாள்.

“என்னுதாத்தான் இருக்கும் மேடம். அன்னிக்கி எனக்கு ஒரே தும்மல்.”



“நாளைக்கி ரெண்டு பேரும் கன்னத்துக்குள்ள பஞ்சால தடவிக் குடுங்க. யாருதுன்னு பாத்துடலாம்,” என்றார் மேடம்.

ஜூனில் ஆய்வேடு கொடுக்க வேண்டும். கையில் ஒன்றுமில்லை.

புவனகிரி பஸ்ஸில் கலா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “உன் ஆறு மாசத்தையும் நான்தான்டி பாழாக்கிட்டேன்.” அப்போதாவது சொல்லியிருக்கலாம். “விடுடி, பரவால்ல” என்றேன்.

அவளை மன்னித்துவிட்டேன், நான்.