குத்துமதிப்பாகச் செய்த மூடி

மார்ச் 3
இன்றும் வண்ணப்பெட்டியை எடுத்துக்கொண்டு என் மனைவி தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். கணினி சொல்கிறபடி மரம் செதுக்கும் ரவுட்டர் என்னிடமும் இருக்கிறது, அவனிடமும் இருக்கிறது. முதலில் வாங்கியவன் நான். நான் செதுக்கும் பெயர்ப்பலகைகளுக்கு அவள் இந்த அறையில், என் பக்கத்தில் உட்கார்ந்துதான் வண்ணம் தீட்டுவாள். மரத்தூளால் அவளுக்கு இழுப்பு வந்தது. டாக்டர் கூடாது என்றுவிட்டார்.

"தம்பி மெஷின்ல தூசியே பறக்கலைங்க. அவனே ஒரு மூடி பிரிண்ட் பண்ணி மாட்டியிருக்கான்."

அவனே.

மார்ச் 4
நானும் முப்பரிமாண பிரிண்டரில் பிளாஸ்டிக்கில் வார்க்க ஒரு தூசி மூடி வரைகிறேன். மோட்டாரின் விட்டத்தை மூன்று இடத்தில் அளந்தேன். மூன்றும் வேறு வேறு. எதை எடுப்பது? பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும் வேறு.

மார்ச் 8
மூடி தயார். கீழ்ப்பாதியைக் கழற்றி மாட்டக் காந்தங்கள் பதித்தேன். தவறு நேரக்கூடாதென்று எல்லாக் காந்தங்களின் ஒரே முனையில் பேனாவால் புள்ளி வைத்து, இரண்டு பாதியிலும் புள்ளி வெளியே தெரியும்படி ஒட்டினேன். ஒரே முனைகள் நேருக்கு நேர். கிட்டக் கொண்டுபோனால் ஒன்றையொன்று தள்ளுகின்றன. கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்தவன் நான்!

"உங்கள மாதிரியேதான். கிட்டப் போனா நழுவுது" என்றாள். சிரிக்காமல் சொன்னாள். கிண்டல்தானா?

மார்ச் 11
காந்தங்களைத் திருப்பி ஒட்டியும் தூசி அடங்கவில்லை. அவளை அழைத்துவரும் சாக்கில் மச்சினன் கொட்டகைக்குப் போனேன். அவள் சிரிப்பு தெருவரை கேட்டது. நம் வீட்டில் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று?

அவன் மூடியின் ஓரத்தில் துடைப்பத்திலிருந்து பிய்த்த நார்.

"அளவெல்லாம் எடுக்கலை அத்தான். குத்துமதிப்பா வரைஞ்சேன், உக்காந்துருச்சு."

என் மூடியிலும் நார் உண்டு, ஆனால் அது மோட்டாரோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. மோட்டார் இறங்கினால் நார் மடங்குகிறது, ஏறினால் இடுக்கு வழியாகத் தூசி பறக்கிறது. அவனுடையது மோட்டாரைத் தாங்கும் சட்டத்தில் நிற்கிறது. நார் எப்போதும் மரத்தைத் தொட்டபடியே இருக்கிறது. இவ்வளவுதான். எனக்கு ஏன் தோன்றவில்லை? பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதியவர்களை எழுப்பி வெளியே அனுப்பியவன், இப்போது அவனைப் பார்த்து எழுதுவதா?

மார்ச் 12
அவன் மூடியைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் கை மோட்டாரை ஒட்டியே போகிறது. சாதாரணப் பிளாஸ்டிக், சூட்டில் இளகும். நேற்றே பார்த்தேன். சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு —

மார்ச் 15
இளகிவிட்டது. கை தொங்கி, சுழலும் வெட்டுமுனையில் பட்டு மூடி சிதறியிருக்கிறது. ஒரு சில்லு அவள் கன்னத்தைக் கீறிவிட்டது. கண்ணுக்கு ஒரு விரல் கீழே.

"தம்பியத் திட்டாதீங்க. அவனே பயந்து கெடக்கான்."

என்னை யார் திட்டுவது?

மார்ச் 16
சாப்பிடும்போது சொல்லிவிட்டேன்.

"தெரிஞ்சுமா வாய மூடிட்டு இருந்தீங்க?"

ஆமாம்.

"அவன் மேல அப்படி என்ன கோவம் உங்களுக்கு?"

நீ அங்கயே போய் உக்காந்துக்கறியே என்றேன். இந்த வயதில் பேசுகிற பேச்சா?

"கல்யாணமான புதுசுல வரவேண்டிய பொறாமை. இப்பதான் வந்து சேந்துச்சா?" தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 21
பார்த்துத்தான் எழுதினேன். அவன் யோசனை, என் அளவு, சூடு தாங்கும் பிளாஸ்டிக், மோட்டாரிலிருந்து விலகிப் போகும் கை. இரண்டு மூடிகள். ஒன்றை அவனுக்குக் கொண்டுபோய் மாட்டி, முன்பே தெரியும் என்பதையும் சொன்னேன்.

"சொல்லியிருந்தா மட்டும் நான் கேட்டிருப்பனா அத்தான்?" என்றான். மூடியை ஆட்டிப் பார்த்தான். "மயிரிழகூட அசையல."

நல்லவனாக வேறு இருக்கிறான்.

மார்ச் 24
என் அறையிலும் தூசி அடங்கிவிட்டது. காலையில் தம்பி கொட்டகை, மாலையில் இங்கே. அவளாக வகுத்துக்கொண்ட ஏற்பாடு. காலை ஏன் அவனுக்கு?

அவன் கொட்டகை கிழக்குப் பார்த்தது. என் சன்னல் மேற்கே. இங்கே மாலையில்தான் வெளிச்சம். அதற்காகத்தானா என்று கேட்க வாயெடுத்தேன்.

"கொஞ்சம் நகருங்க. நிழல் விழுது" என்றாள்.

நகர்ந்து உட்கார்ந்தேன்.