ஒரு பிரிவு மட்டும்

மாரெட்பள்ளியில் நம் மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் இன்று முத்திரை மைப்பெட்டியைத் திறந்தேன். மையோடு உங்கள் மூக்குப்பொடி வாசனையும் வந்தது. நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. துக்கம் வரவில்லை, சார். கோபம்தான் வந்தது.

நீங்கள் இருந்தபோது சிக்கலான அந்த வேலை மாதிரியே ஒன்று வந்திருக்கிறது. மொசாம்பிக்குக்கு மருந்து அனுப்பும் கம்பெனிக்காக நம் அரசின் சட்ட அறிவிப்பு ஒன்றை அந்நாட்டு மொழியான போர்ச்சுகீசில் தர வேண்டும். பழைய சட்டத்தில் ஒரு பிரிவு மட்டும் நீக்கம். மற்றவை அப்படியே இருக்கின்றன. பகுதி நீக்கத்துக்கு அந்த மொழியில் 'டெரொகசாவ்'. முழு நீக்கத்துக்கு 'அப்ரொகசாவ்'. அன்றும் முதல் சொல்லைத்தான் எழுதினேன்.

நம் வழக்கப்படி, எழுதியதை நான் தமிழில் திருப்பிச் சொல்ல, நீங்கள் மூலத்தோடு ஒப்பிட்டுக் கேட்க வேண்டும். அன்று பாதியிலேயே கையை ஆட்டினீர்கள்.

"நக்கோ, வேண்டாம் வாத்தியாரே, தூக்கம் வருது. நீக்கினா மொத்தமா நீக்கினதா எழுதும்."

"ஒரு பிரிவுதான் சார் போயிருக்கு..."

"உமக்கு எல்லாமே பாதிதான். கல்யாணத்துலகூடப் பாதிச் சாப்பாட்டுல எழுந்துடுவீரு!"

அகராதியைத் திறந்தேன். மூடினீர்கள். என் சொல்லை அடித்து, உங்கள் சொல்லை எழுதி, முத்திரை குத்தினீர்கள்.

மொசாம்பிக்கில் நம் சட்டமே போய்விட்டதாகப் படித்தார்கள். அதன்கீழ் வாங்கிய உரிமம் செல்லாதென்று சரக்கைத் துறைமுகத்தில் நிறுத்திவிட்டார்கள். குகட்பள்ளியிலிருந்து கம்பெனி மேலாளர் கத்திக்கொண்டு வந்தபோது நீங்கள் என்னைக் காட்டினீர்கள்.

"வயசாயிடுச்சு சார். பயந்த மனுஷன், தடுமாறிட்டாரு."

பிறகு எனக்கு டீ வரவழைத்தீர்கள். அந்தக் கருணையைத்தான் இன்றும் பொறுக்க முடியவில்லை.

அதன்பின் எந்தத் தாளிலும் மொழிபெயர்ப்பாளராக என் பெயர் இல்லை. அதைவிடக் கேடு, நானே என்னைச் சந்தேகித்தேன். எத்தனை முறை பார்த்தாலும் அகராதி என் பக்கமே இருந்தது. ஆனாலும் மறுபடி பார்த்தேன்.

இறந்தவரைக் குறை சொல்லக் கூடாதாம். உங்கள் இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் புகழ்ந்தார்கள். நானும் தலையாட்டினேன். இந்தத் தாளில் ஆட்ட மாட்டேன்.

இன்று எழுதியதை உங்கள் காலி நாற்காலியைப் பார்த்து வாசித்தேன். அந்தச் சொல்லிடம் வந்ததும் குரல் இறங்கியது. உங்கள் கை ஆடுமென்று காத்திருந்தேன். மறுபடி, பக்கத்து அறைக்குக் கேட்கும்படி வாசித்தேன். முத்திரை குத்தி, கீழே என் பெயரை எழுதினேன்.

அகராதி மேசைமேல் திறந்தே கிடக்கிறது. அதை மூட இன்னும் எனக்குத் தைரியம் வரவில்லை. நீங்கள் எனக்கு விட்டுப்போனது அந்தச் சந்தேகம்தான்.