வேல்சாமியின் ஒட்டுப் பாம்பு

கோவில்பட்டி,
9.6.1983, வியாழன் இரவு.

அன்புள்ள அத்தானுக்கு,

இந்த அகால நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னியுங்கள். மணி ஒன்றரை. எழுத்து கோணலாக இருந்தால், நம் கிருபாவை மடியில் போட்டுக்கொண்டு எழுதுவதால்தான். அவளைப் பாயில் தனியாகப் படுக்கவைத்து ஐந்து நாளாகிறது. காரணத்தைக் கடைசியில் சொல்லலாம் என்று இருந்தேன், முடியவில்லை. அடுத்த அறையில் ஒரு பானை நிறைய நல்லபாம்பு முட்டை இருக்கிறது. உங்கள் தம்பி வேல்சாமி அவற்றை ஒட்டுப் பாம்பு முட்டை என்கிறார்.

கிருபாவுக்குச் சளி தேவலை. பல் முளைக்கிறது, கையில் எது கிடைத்தாலும் வாய்க்குத்தான் போகிறது. நீங்கள் பிலாயிலிருந்து அனுப்பிய மஞ்சள் சட்டை அளவாக இருக்கிறது. இங்கே மழையே இல்லை. கரிசல் வெடித்த வெடிப்பில் ஆட்டுக்குட்டியின் கால் போய்விடும்.

முட்டை வந்த கதையை வேல்சாமி உங்களுக்கு எழுதியிருப்பார், அவருடைய அழகில். நடந்தது இதுதான். மாசி மாதம் பருத்திக் காட்டில் இரண்டு பாம்பு பின்னிக்கொண்டு எழும்பி நின்றன. உங்கள் தம்பியும் ஸ்டுடியோ பூவனநாதனும் போய், பின்னுகிற பாம்பின்மேல் போடுகிற வழக்கப்படி புதுக் கோடி வேட்டியை வீசினார்கள். அந்த வேட்டிதான் இப்போது உங்கள் அம்மாவின் பீரோவில் மஞ்சள் தடவி மடித்து இருக்கிறது, வீட்டுக்கு யோகம் வரும் என்று. வேட்டி விழும் முன்பே பாம்பைச் சரியாகப் பார்த்த ஒரே ஆள் நான். இரண்டுமே சாரை, இரண்டுமே ஆண். ஒன்றின் தலையை ஒன்று தரையில் அழுத்தப் பார்த்தது. அது கூடல் அல்ல, சண்டை. இதை விலங்கியல் இரண்டாம் வருடப் பாடத்தில் படித்துத் தேறியவள் நான்.

மூன்றாம் நாள் அதே வரப்பில் சூல் கொண்ட நல்லபாம்பு ஒன்று வேல்சாமியிடம் அகப்பட்டது. அவ்வளவுதான், அதுதான் பெண்ணாம், சாரைதான் மாப்பிள்ளையாம். சித்திரை நான்காம் தேதி அது பானைக்குள் பதினாறு முட்டை இட்டது. இட்ட மறுநாளே தாயைக் காட்டில் விட்டுவிட்டார். நாட்டுப் பாம்பை வைத்துக்கொண்டு இனி என்ன செய்ய என்றார். மண்ணுளியும் கொம்பேறியுமாகப் பானை பானையாக வளர்த்த மனுஷனுக்கு இப்போது நாட்டுச் சரக்கு எல்லாம் இளப்பமாகிவிட்டது.

நான் சொல்லாமல் இல்லை. சாரைக்கும் நல்லபாம்புக்கும் குட்டி பிறக்காது என்றேன். “மதினி, பருத்தியில வீரிய ஒட்டு வந்துட்டு, சோளத்துல வந்துட்டு, பாம்புல மட்டும் வராதாக்கும்? அப்பன் சாரை, அதனால வெசம் இருக்காது. ஆத்தா நல்லது, அதனால படம் எடுக்கும். பச்சப்பிள்ள கையில குடுக்கலாம்” என்றார். பூவனநாதன் பக்கத்தில் நின்று, “அவிய தவளை அறுத்துப் படிச்சவியதானலே, பாம்பப் பத்தி என்ன தெரியும்” என்று சிரித்தார். காமிரா வில்லையைத் துடைப்பதைத் தவிர வேறு எந்த ஆராய்ச்சியும் செய்யாத மனிதர். இந்த இரண்டு விஞ்ஞானிகளும் கழுகுமலைத் திருவிழாவில் கொட்டகை போடப் போகிறார்களாம், ‘விஷமில்லா நாகம்’ என்று போர்டு எழுதி.

போன சனிக்கிழமை வேல்சாமி மில்லுக்குப் போனதும் ஒரு முட்டையை எடுத்தேன். சீதனம் என்று நான் கொண்டுவந்தது இந்த ஒரு பெட்டிதான் என்று உங்கள் அம்மா வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக் காட்டுகிறாரே, அந்தக் கல்லூரிப் பெட்டியைத் திறந்து, கத்தரியும் லென்ஸும் எடுத்து முட்டையை அறுத்தேன். உள்ளே குட்டி முழுசாக இருந்தது. கழுத்தின் பின்னால் மூக்குக்கண்ணாடிக் குறி. உதட்டுச் செதில், நல்லபாம்புக்கு இருக்கிறபடியே கண்ணையும் மூக்கையும் தொட்டுக்கொண்டு. இடுக்கியால் வாயைத் திறந்தேன். மேல் தாடையில் முன்பக்கம் இரண்டு விஷப்பல், ஊசிமுனை அளவு. சாரையின் அடையாளம் பேருக்குக்கூட இல்லை. நல்லபாம்புக் குட்டிக்கு முட்டையை விட்டு வரும்போதே விஷம் உண்டு. அதைச் சாராயப் புட்டியில் போட்டு, சாயங்காலம் எல்லோருக்கும் காட்டினேன்.

இனி வாயை மூடுவார்கள் என்று நினைத்தேன். உங்கள் தம்பியோ புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, “ஏலே பூவனநாதா, குறியப் பாத்தியா! படம் எடுக்கும்னு சொன்னேம்லா! மதினியே ருசுப்படுத்திட்டாவ!” என்று குதித்தார். குட்டியின் பல்லைக் காட்டினேன். அது பிள்ளைகளின் பால்பல் மாதிரி, பிறகு விழுந்துவிடும் என்றார்! உங்கள் அம்மா ஒரு வம்சத்தை அழித்துவிட்டேன் என்று அழுதார். கிருபா பிறந்தபோது, “இது எந்தச் சாமிக்கும் ஆகாத ரெண்டுங்கெட்டான்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர்தான். பாம்பில் கலப்பு என்றால் சூடம் ஏற்றுகிறார்.

இதையெல்லாம் முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிட்டு நான் தூங்கியிருப்பேன். நேற்று துணி மடிக்கும்போது, வேல்சாமியின் சட்டைப் பையில் உங்கள் கடிதத்தைப் பார்த்தேன். எனக்கு வந்தது அல்ல, அவருக்கு வந்தது. படித்துவிட்டேன். ‘முதல் குட்டி வந்ததும் அந்த வேட்டியை விரித்து, கிருபா கையில் குட்டியைக் கொடுத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, இங்கே எல்லோருக்கும் காட்ட வேண்டும்’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

அத்தான், உங்கள் கையெழுத்தேதான். ‘கிருபா’வில் ‘பா’வுக்கு நீங்கள் இழுக்கிற அந்த நீளக் கால்.

எனக்கு எழுதிய கடிதத்தில் பாம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறாளா என்று மட்டும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இது தெரிந்தால் தடுப்பேன் என்பது உங்களுக்குத் தெரியும். அப்படியென்றால், நான் சொல்வது சரி என்பதும் உங்களுக்குக் கொஞ்சம் தெரிந்திருக்கிறது. வேல்சாமிக்கு அதுகூட இல்லை. அதனால் அவரை மன்னிக்கலாம்.

முட்டையிட்டு ஐம்பத்துமூன்று நாளாகிறது. இன்னும் ஒரு வாரத்துக்குள் பொரிந்துவிடும். பூவனநாதன் காமிராவில் பிலிம் சுருள் போட்டு வைத்தாயிற்று. உங்கள் அம்மா வேட்டியை வெயிலில் காயப்போட்டு எடுத்தார். பானையின் வாயில் கட்டியிருப்பது ஒரு பழைய மல்துணி; பென்சில் கனம்கூட இல்லாத குட்டி அதில் எப்படி நிற்கும்? பானையை வெளியே கொண்டுபோய் வைக்கிறேன் என்றேன். மூத்தவரிடம் கேட்காமல் கைவைக்கக் கூடாது என்கிறார்கள். இந்த வீட்டில் நீங்கள் சொன்னால்தான் நடக்கும். என் படிப்பு அந்தப் புட்டியோடு சரி.

உங்கள் வார்த்தை வருவதற்குள் ஒரு முட்டை கீறினாலும், கிருபாவைத் தூக்கிக்கொண்டு காமநாயக்கன்பட்டிக்கு முதல் பஸ் ஏறிவிடுவேன். நம் கல்யாணத்துக்குப் பிறகு அப்பா என்னோடு பேசியதில்லை. கதவைத் திறக்காவிட்டால் மாதா கோயில் வாசலில் இருந்துகொள்கிறேன்.

காட்டுவதற்குத்தானே போட்டோ கேட்டீர்கள்? இதோடு ஒன்று வைத்திருக்கிறேன். போன பொங்கலுக்குப் பூவனநாதன் எடுத்ததுதான். கையில் கடலை மிட்டாய் வைத்திருக்கிறாள். அந்தக் கையை நன்றாகப் பாருங்கள். மிட்டாயே அதில் அடங்கவில்லை.

மாதாவும் உங்கள் கழுகாசலமூர்த்தியும் உங்களைக் காக்கட்டும்.

பானையைக் காட்டுக்குக் கொண்டுபோ என்று தம்பிக்கு ஒரு தந்தி கொடுங்கள். எனக்கும் சீக்கிரம் பதில் போடுங்கள்.

ஸ்டெல்லாமேரி